யாரும் நடாத பூ

நாகர்கோவில் மேலராமன்புதூர்ப் பக்கம் சாயங்காலம் நடக்கப் போகிறவர்களுக்கு வீட்டு முற்றங்களே போதும், வேறு வேடிக்கை வேண்டாம். கேட்டின் மேல் கவிந்து கிடக்கும் காகிதப்பூ, சுவரோரம் குரோட்டன்ஸ், கிணற்றடியில் செம்பருத்தி, நடைப்படியை ஒட்டித் தெச்சி. எந்த வீட்டில் எது எப்போது பூக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் நான் அதிக நேரம் நின்று பார்ப்பது ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் இருக்கும் நித்தியகல்யாணியைத்தான். ஐந்தே இதழ், இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு சொட்டு அடர்சிவப்பு. ஆனிச் சாரலானாலும் பங்குனி வெயிலானாலும் அது பூக்காத நாளை நான் பார்த்ததில்லை.

நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். “நான் எங்க மக்களே நட்டேன்? அது சும்மா மொளச்சதாக்கும்” என்றார். எதிர்வீட்டிலோ அதே செடி முளைக்க முளைக்கப் பிடுங்கி எறிகிறார்கள். சுடுகாட்டுப்பூ வாசலில் நிற்கக்கூடாதாம். நட்டவர் இல்லை, வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஆனாலும் தெருவெல்லாம் இருக்கிறது. அப்படியானால் இது எங்கிருந்துதான் வந்தது?

முதலில் மணக்குடி, பள்ளம் பக்கத்துக் கடலோரக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனேன். சுடுமணலில், சிலுவைகளுக்கு நடுவே, யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்து நின்றது. இலை கசப்பு, கிள்ளினால் பால். ஆடு வாய் வைக்காது. கறுத்த பொடி விதைகள் நெற்று வெடித்து உதிர்ந்து, ஒரு மழைக்கே முளைத்துவிடுகின்றன. மனிதர் கை படாத இடத்திலும் பிழைக்கத் தெரிந்த செடி என்பதால் கல்லறைகளுக்கு நடுவே தங்கிவிட்டது. அதற்கு மேல் சாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இதன் தாய்மண் மடகாஸ்கர். 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து பாரிசு அரச தோட்டத்துக்கு விதை போனது. அங்கிருந்து லண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த பிலிப் மில்லரின் கைக்கு வந்தது. 1759இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். குளிர்நாட்டுக்காரர்கள் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துப் பேணிய இந்தச் செடி, வெப்ப நாடுகளில் வேலி தாண்டித் தானே பரவியது. கரீபியன் தீவுகளிலும் பிலிப்பைன்ஸிலும் நம் ஊரிலும் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள்.

கதை திரும்புவது அந்தக் கஷாயத்தில். 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஓர் உறையில் இந்த இலைகள் வந்தன. அவர் அவற்றைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தினார்கள். எலிகள் தொற்று கண்டு செத்தன. அவற்றின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! சர்க்கரைக்கு மருந்து தேடியவர்கள் அந்தச் சாவுகளை ஒதுக்கித் தள்ளாமல் உட்கார்ந்து யோசித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ராபர்ட் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பியரும் 1958இல் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் கண்டெடுத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அங்கே அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெற்றோருக்கு மிஞ்சியது சில மாதங்கள். இன்று வின்கிறிஸ்டினோடு வேறு மருந்துகளும் சேர்த்துத் தரும் சிகிச்சையில், வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் இது வயல் பயிராகவும் ஆனது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி, தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியை விதைத்து, இலையையும் வேரையும் ஏற்றுமதிக்கு விற்றிருக்கிறார்கள். 2022இல் ஈஸ்ட்டைக் கொண்டே வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை உண்டாக்கிக் காட்டினார்கள் விஞ்ஞானிகள். கணவாய்க்கு இந்தப் பக்கம், 1838 முதல் மிஷன் மருத்துவம் நடந்துவரும் நெய்யூரில், புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகும் பேருந்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தால் வழியோர முற்றங்களில் இந்தப் பூ தென்படும். இதைப் பிடுங்கி எறிகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை; ஆனால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

என்னோடு நடக்க வரும் அண்ணாச்சி ஒருவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ நான் காலைல வெறும் வயித்துல அஞ்சு பூவும் பத்து இலையும் அரைச்சுக் குடிக்கது நல்லதுதானே?” என்றார். எனக்குத் திக்கென்றது. “வேண்டாம் அண்ணாச்சி. எலிக்கு என்ன ஆச்சுன்னு இப்பத்தானே சொன்னேன். அதுல இருக்கப்பட்டது விஷம். டாக்டர் அளந்து ஊசியில ஏத்தினாத்தான் மருந்து. அதையும் ரத்தத்த மறுபடி மறுபடி சோதிச்சுப் பாத்துக்கிட்டேதான் ஏத்துவாங்க. நாம அரைச்சா அளவு யாருக்குத் தெரியும்? நீங்க சுகர் மாத்திரைய மட்டும் விடாம சாப்பிடுங்க.”

அண்ணாச்சி நடையை நிறுத்திச் சட்டைப்பையில் கைபேசியைத் துழாவினார். “எனக்க சம்பந்தியும் குடிக்காருல்லா தம்பி, நான் சொல்லித்தான்” என்றபடியே எண்ணைத் தேடினார்.