மருந்துக் களஞ்சியத்தில் ஒரு வாக்குவாதம்

“இதுக்குரிய செட்டும் கொண்டு வந்தனீங்களோ, அண்ணை?”

2023 தை மாதம். வன்னியில் ஒரு மாவட்ட வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில், பொறுப்பாக இருந்த பெண் மருந்தாளர் கேட்ட முதல் கேள்வி இது. அவருக்கு முப்பது வயது இருக்கலாம். டொராண்டோவிலிருந்து வந்திருந்த என் நண்பர் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தார். இரத்த நாளம் வழியாக மருந்தை அளந்து ஏற்றும் இன்பியூஷன் பம்புகள் மேசைமேல் வரிசையாக இருந்தன. அந்தக் கம்பெனிப் பம்புக்கு அதற்கென்றே செய்த குழாய் வேண்டும்; அவர் கேட்ட செட் அதுதான். ஒரு நோயாளிக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக்கூடாது. குழாய் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. போதாததற்கு, பம்புகள் கனடாவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. இலங்கையில் 230.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. 1990இல் இந்த மண்ணை விட்டுப் போனவர் அவர். “எங்கட சனம் பனிக்குள்ள நிண்டு உழைச்ச காசு பிள்ளை. வேண்டாம் எண்டு சொல்ல எப்பிடி மனசு வருது?”

நான் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எங்கள் வேலையையே மாற்றியது. மாவட்டத்தில் ஒரு கிடங்கு, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக். அதில் பதிந்து மருந்தை எடுத்துவருவோம். தட்டுப்பாடு எங்களுக்கும் வந்ததுண்டு. ஆனாலும் கிடங்கு இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. தானமாக வருவதை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நிலை எனக்கு வாய்த்ததே இல்லை. அதனால் என் மனம் நண்பர் பக்கமே சாய்ந்திருந்தது.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. “வேண்டாம் எண்டு சொல்லேல்லை அண்ணை. வாங்கினா இஞ்ச பம்ப் இருக்கு எண்டு புத்தகத்தில ஏறிடும். பிறகு கொழும்பில கேட்டா, உங்களிட்டத்தான் இருக்கே எண்டுவினம்.”

பேரேடு எழுதியே காலம் கழித்தவனுக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை. ஓடாத பம்ப், ஓடும் பம்ப் வருவதற்கான வழியையும் அடைத்துவிடும். அடுத்த பெட்டியைத் திறந்தோம். பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள், வைட்டமின் புட்டிகள். பலவற்றுக்கு நான்கு மாதமே ஆயுள் மிச்சம். தானமாகப் போகும் மருந்துக்கு வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் இருக்க வேண்டும், வீடுகளிலிருந்து திரும்பி வந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நான் அதைச் சொன்னதும் நண்பர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மத்தியானம் அவரைக் கூட்டி வந்ததும் அந்தப் பெண்தான். “பசியோட கதைச்சா கோபம்தான் வரும். சாப்பிடுங்கோ.” புது நெல்லுச் சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை. வீட்டிலிருந்து தனக்குக் கட்டிவந்த பார்சலை மூன்றாகப் பிரித்திருந்தார். எனக்கு அந்தச் சோற்றைத் தொடவே கூச்சமாக இருந்தது. அரிசி விலை வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த மாதங்கள் அவை. நண்பர் முதல் கவளத்திலேயே தன் அம்மாவின் கைப்பக்குவம் என்றார். அவர் முகம் இளகியதும் ஒரு ஃபைல் வந்தது. உள்ளே, வைத்தியசாலைக்கு என்னென்ன வேண்டும் என்று கையால் எழுதிய பட்டியல்.

எந்த மருந்து வேண்டும் என்பதை நாடே தீர்மானிக்கலாம் என்று வளரும் நாடுகளுக்குக் காட்டிய நாடு இலங்கை. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் செனக பிபிலே, இறக்குமதியான ஆயிரக்கணக்கான மருந்துப் பெயர்களைச் சில நூறாகக் குறைத்தார். 1977இல் அவர் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்ததும் அதே ஆண்டில்தான். அப்படிப்பட்ட நாட்டில் 2022இல் டொலர் தீர்ந்தது. மருந்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வரவேண்டியிருந்ததால் அறுவைச் சிகிச்சைகளையே தள்ளிப்போட நேர்ந்தது. ஏட்டில் படித்திருந்த இந்த விஷயம், ஃபைலைப் புரட்டிய அந்த விரல்களைப் பார்த்தபோது எனக்கு வேதனையாகவே இருந்தது.

பட்டியலில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஈசிஜி தாள். பிள்ளைகளின் கைக்கு ஏற்ற பிரஷர் கஃப். தையல் நூல். நெபுலைசர் மாஸ்க். இன்சுலின். அட்ரினலின் என்பதன் கீழே இரண்டு கோடு.

“அறுவடைக் காலம் ஐயா. வயலுக்குள்ள கண்ணாடி விரியன்” என்றார் என்னிடம். பாம்புக்கடி மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அது உயிரைக் காக்கும். சிலருக்கு அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பி, இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்யும். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் இருந்தாக வேண்டும். பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதில் முதன்மையானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978 முதல் இயங்கும் சங்கம் அது. அந்த மருந்தின் குப்பிகளை நான் எத்தனையோ முறை கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இருளர் ஒருவர் பிடித்த பாம்பு வன்னியில் நெல் அறுப்பவரைக் காப்பாற்றுகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நண்பர் பட்டியலைப் படம் பிடித்து டொராண்டோவில் காசு சேர்த்தவர்களுக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் தொலைபேசியில் வாக்குவாதம். “ஈசிஜி தாளைப் படம் எடுத்துப் போட்டா ஆர் காசு தருவினம் எண்டு கேக்கிறாங்கள்” என்றார் எங்களிடம். பிறகு தொலைபேசியில், “தராட்டி நான் தாறன்” என்று கத்தினார்.

பம்புகளைத் திரும்ப வேனில் ஏற்றினோம். செட்டும் டிரான்ஸ்போமரும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே அவை வரும். மருந்து கொழும்பில் வாங்குவது, அட்ரினலின் முதல் தவணையிலேயே வருவது என்று முடிவாயிற்று. அந்தப் பெண் ஒரு நிபந்தனை போட்டார்: எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான்; இன்சுலினை மட்டும், மின்வெட்டு நேரத்திலும் குளிர் நிற்கும் அங்கிருந்த ஒரே சிறிய ஃபிரிட்ஜ் கொள்ளும் அளவுக்கே அனுப்ப வேண்டும்.