கறுப்பனோடு கிழக்கு நோக்கி

பள்ளி விடுமுறைக்கு நாயை யாரிடம் விடுவது என்று கேட்கும் நண்பர்களே, கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

செபராங் ஜெயாவிலிருந்து கூலிம், பாலிங் வழியாகக் கிரிக். அங்கிருந்து 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி வரை. பின்னிருக்கைகளை எடுத்துவிட்டு மெத்தை போட்ட வேனில் நானும் மனைவியும் எங்கள் நாய் கறுப்பனும் போன வழி இது. பால்மரமும் செம்பனையும் பின்தங்க, கிரிக்கைத் தாண்டியதும் காடும் தெமெங்கோர் ஏரியும்தான்.

யானைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. இருட்டுமுன் தாண்டிவிடுங்கள், கயிறில்லாமல் நாயை இறக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வேனில் தனியே விடவே கூடாது. நமக்குப்போல் அதற்கு வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் உடல்சூட்டைத் தணித்துக்கொள்ளும். சூராவ் என்னும் தொழுகைக்கூடங்களையும் சாப்பாட்டுக் கடைகளையும் விட்டுத் தள்ளி இறக்குங்கள், கழிவை நீங்களே அள்ளுங்கள். யாருக்கும் மனக்கசப்பு வராது.

1960இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்ற நாயோடு, பின்புறம் சிறுவீடு அமைத்த வண்டியில் அமெரிக்காவைச் சுற்றினார். முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சைத் தொடங்கிவைத்தது பலமுறை அந்த நாய்தான். எங்களுக்கும் அப்படியே. பாலிங்கில் ஒரு தோட்டத்துப் பாட்டி கறுப்பனைத் தடவிக்கொடுத்தபடி, தாம் வளர்த்த நாய்களின் கதையெல்லாம் சொன்னார்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு நாய் வீட்டுப்பிள்ளை. அடுத்த பயணத்தில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.