ஒரு பின்கதவைத் தேடிப் புதுப்பேட்டைக்கு

பழுதடைந்த கோயிலைப் புதுப்பிப்பதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். அதற்குச் சாஸ்திரம் அறிந்த ஸ்தபதி வேண்டும். பழைய தூணுக்கு இணையான கல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பொறுமை வேண்டும். பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிப்பதற்கும் இம்மூன்றும் வேண்டியிருக்கின்றன. ஸ்தபதிக்குப் பதில் மேஸ்திரி. கல்லுக்குப் பதில் தகடு. பொறுமை மட்டும் அதே பொறுமைதான்.

நம் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் 22 வருஷங்களாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு உறங்கிக்கொண்டிருந்தது. 1969-ல் அவருடைய தகப்பனார் வாங்கிய வண்டி. தகப்பனார் காலமான பிற்பாடு அதை ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. மனம் வராத பொருளின் மேல் துரு மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. நண்பரின் தாயாருக்கு இப்போது 86 வயது. ஒரு நாள் அந்த அம்மையார், "அதை ஓடும்படி செய், முடியாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடு. இப்படி மக்கவிட்டு வைத்திருப்பது உன் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நண்பர் கிளம்பினார், நாமும் துணைக்குக் கிளம்பினோம்.

வண்டி பிறந்த ஊரிலிருந்தே தொடங்கலாம் என்று எண்ணி, முதலில் வண்டலூர்ப் பக்கம் போனோம். தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் பெருங்களத்தூர், அதற்கப்பால் வண்டலூர். ஸ்டாண்டர்டு கம்பெனியின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. பாரத நாடு சுதந்திரம் பெற்ற மறு வருஷம், அதாவது 1948-ல், அந்தக் கம்பெனி தோன்றிற்று. கல்கத்தாவுக்கு அருகே ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று நாட்டின் கார்த் தொழில் அந்நாளில் மூன்று மூலைகளில் நடந்தது. 1961 முதல் சென்னையில் ஹெரால்டு தயாராயிற்று. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வெளிவந்தது. 1988-ல் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. இப்போது அந்தப் பக்கத்தில் கணினி அலுவலகங்களின் கண்ணாடிச் சுவர்கள்தான் வெயிலில் பளபளக்கின்றன. சங்கு ஊதினால் ஆயிரம் பேர் வெளியே வந்த வாசல் எது என்று கேட்டோம். தேநீர்க் கடையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார்.

ஹெரால்டு வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்து. டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959 முதல் 1971 வரையில் அங்கே ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் தயாராயின. உருவம் அமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அடியில் தனியாக ஒரு சாஸிஸ். அதன்மேல் உடற்பாகங்களைத் துண்டு துண்டாகப் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருக்கும். முன்பக்கத்து மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முதலை வாயைப்போல் முன்னோக்கித் திறக்கும். மேஸ்திரி முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும் என்பதால் சந்து பொந்துகளுக்கு ஏற்ற வாகனம். என்ஜினோ 948 சி.சி. பெரிய பலசாலி என்று சொல்வதற்கில்லை, ஆனால் குடும்பஸ்தர்.

இத்தகைய வண்டிக்குச் சாமான் தேடப் புறப்படுகிறவர் முதலில் எதை எங்கே தேடுவது என்று அறியவேண்டும். நம்முடைய மேஸ்திரி எழுபது வயதைத் தாண்டியவர். பையன் வயதில் ஹெரால்டு வண்டியின் அடியில் படுத்தவர், இன்னும் எழுந்தபாடில்லை. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டார்: கடையில் கிடைப்பது, கடலுக்கு அப்பாலிருந்து வருவது, எங்கும் கிடைக்காதது.

என்ஜினைத் திறந்தால் சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. அவற்றின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 76 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 20 பங்கு பெரிதாக்கினால், அதே அளவு பெரிய பிஸ்டன் வேண்டும். 1970-களில் இங்கே வந்த கஸல் என்ற வண்டியிலும் இதே 948 சி.சி. என்ஜின்தான், ஆகவே பிஸ்டன் அதற்கென்று செய்ததானாலும் பொருந்தும். "கஸல் சாமான் எல்லாம் சேருமா?" என்று ஆவலோடு கேட்டோம். மேஸ்திரி தலையை அசைத்தார். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும். கஸலுக்கோ இரண்டையும் பிணைத்த ஒரே அச்சு. என்ஜினில் சகோதரர்கள், பின்புறத்தில் அந்நியர்கள்!

மரை விஷயமும் அப்படித்தான். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இக்காலத்து மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றிரண்டு சுற்று சாதுவாக உள்ளே போகும். பிறகு மரையைத் தின்றுவிடும். போல்ட்டுக்கு விலை சில ரூபாய். அது கெடுத்த பாகத்துக்கு விலை சொல்ல ஆள் இல்லை.

எல்லாவற்றிலும் அபாயமானது முன்சக்கரத்தின் கீழே இருக்கும் வெண்கல மூட்டு. டிரனியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரையிட்ட அடிமுனை அதற்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. வண்டி திரும்பும்போதெல்லாம் மரை சுழல்கிறது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் விடவேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் மரைக்குள் சரிவரப் பரவாமல் இறுகிவிடும். தண்ணீர் புகுந்து தண்டு அரித்து, ஒரு நாள் முறிந்து, சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடும். இது பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று பழைய சாமானை வாங்கிப் போடக்கூடிய இடமன்று. புதிதாகவே வாங்கினோம். இங்கிலாந்தில் இவ்வண்டிகளைப் பேணும் சங்கங்களும் வியாபாரிகளும் இன்றும் இருப்பதால், மூன்றே வாரத்தில் கப்பலும் விமானமும் அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தன.

இதற்கிடையில் ஒரு நலம்விரும்பி வந்தார். "ஏன் இவ்வளவு சிரமம்? வேறு புது என்ஜினைத் தூக்கி வையுங்கள். தினந்தோறும் ஓட்டலாம்" என்றார். யோசனை சுலபமானது. ஆனால் 2021-ல் மத்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகள் கொண்டுவந்திருக்கிறார்கள். முதற்பதிவுக்குப் பிறகு 50 ஆண்டுகள் கடந்து, சாஸிஸிலும் உடலிலும் என்ஜினிலும் பெரிய மாறுதல் இல்லாத வண்டிக்குத் தனி வரிசையில் எண் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பிற்பாடு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் கூடாது. என்ஜினை மாற்றிவிட்டால் அந்தப் பெருமை போய்விடும். நண்பருடைய தாயார் சட்டம் படித்தவர் அல்லர், ஆனால் அவரும் அதையேதான் சொன்னார்: "வேறு என்ஜின் வைத்தால் சத்தம் மாறிவிடுமே! அவர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரியும்."

இவ்வளவு தூரம் ஏறிவிட்டோம். மேஸ்திரியின் மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரி மிஞ்சி நின்றது: இடது பின்கதவு. அதன் கீழ்ப் பாதி துருவாகி உதிர்ந்திருந்தது. இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்கலாமே என்றால், அங்கேதான் வேடிக்கை. ஆங்கிலேயர் செய்த ஹெரால்டு கார்களுக்குக் கதவுகள் இரண்டே. தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் ஏறி இறங்க வேண்டிய நம் நாட்டுக் குடும்பங்களுக்காக, பின்னால் இரண்டு கதவுகள் வைத்து நான்கு கதவு ஹெரால்டைச் செய்தவர்கள் சென்னைத் தொழிலாளிகள். வெண்கல மூட்டை இங்கிலாந்து அனுப்பும். பின்கதவை அனுப்ப அதனிடம் இல்லை. இருந்தால் இங்கேதான் இருக்கவேண்டும்.

ஆகவே புதுப்பேட்டைக்குப் போனோம். எழும்பூருக்குத் தெற்கே, கூவத்தின் கரையோரம் அமைந்த பேட்டை. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தெருவே ஒரு மோட்டார் வண்டியைப் பிரித்துப் பரப்பியதுபோல் இருக்கிறது. ஒரு கடையில் கதவுகள் மட்டும், புத்தகங்களைப்போல் வரிசையாக. ஒரு கடையில் விளக்குகள். ஒரு கடையில் ஸ்டீரிங்குகள், வளையல்கள் மாதிரி கம்பியில் கோத்துத் தொங்குகின்றன. காயலான் கடை என்று அலட்சியமாகச் சொல்கிறோம். எந்தச் சாமான் எந்த வருஷத்து எந்த வண்டிக்குச் சேரும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பண்டிதர்கள் இந்தக் கடைகளில் ஸ்டூலின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏழு கடைகளில் "ஹெரால்டா? அதெல்லாம் போன காலம், சார்" என்றார்கள். எட்டாவது கடையின் பெரியவரிடம் நம் மேஸ்திரி, "பாய், நாலு கதவு ஹெரால்டு. இடது பின்கதவு" என்றார். பாய் ஒன்றும் பேசாமல் மச்சுக்கு ஆள் அனுப்பினார். தூசி மழையோடு ஒரு கதவு இறங்கிற்று. துரு இல்லை; பிடி இருந்தது; கண்ணாடிச் சட்டமும் இருந்தது. நண்பர் பர்ஸையே எடுத்துவிட்டார். மேஸ்திரி கதவின் கீலைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அது வலது பின்கதவு!

"இடது பக்கம் இனிமேல் வராது" என்றார் பாய். "என்னிடம் இருக்கிறது இது ஒன்றுதான்."

மேஸ்திரி சற்று யோசித்து, "இதைக் கொடுங்கள், பாய். அளவு எடுத்து அப்படியே திருப்பி அடிக்கச் சொல்கிறேன்" என்றார். நண்பர் விலை கேட்டார். பாய் விலை சொல்லவில்லை.

"விற்றால் நீங்கள் அறுத்துப் பார்ப்பீர்கள். அப்புறம் அடுத்த ஹெரால்டுக்காரர் வந்தால் நான் எதைக் காட்டுவது? எடுத்துக்கொண்டு போங்கள். பதினைந்து நாளில் இப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்" என்றார். ரசீது இல்லை, முன்பணம் இல்லை. மேஸ்திரியின் முகம் ஒன்றே ஜாமீன்.

டிங்கர் வேலை செய்யும் இளைஞர் ஒருவரின் பட்டறையில் அந்தக் கதவை நிறுத்திக் காகிதத்தில் அச்செடுத்தார்கள். காகிதத்தைப் புரட்டிப் போட்டால் வலது இடதாகிறது. தட்டையான இடத்துக்கு இந்த உபாயம் போதும். கதவின் வயிற்று வளைவுக்குப் போதாது. அதற்குக் கையும் சுத்தியும் மணல் மூட்டையும்தான். இளைஞர் தகட்டை மூட்டையின்மேல் வைத்துத் தட்டுவார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு பாயின் கதவை ஒரு கையாலும் புதுத் தகட்டை மறு கையாலும் தடவுவார். "இன்னும் கொஞ்சம்" என்பார். ஒன்பது நாள் இப்படி நடந்தது. பத்தாம் நாள் இரண்டு கைகளும் ஒரே சேதி சொல்லின. பழைய கதவின் நல்ல மேற்பாதியோடு புதுக் கீழ்ப்பாதியைப் பற்றவைத்தார்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. முதல் நாள் நண்பரின் தாயார் வந்து முன் ஆசனத்தைப் பார்த்தார், ஏறவில்லை. இடது பின்கதவைத் தாமே திறந்து உள்ளே உட்கார்ந்து, தாமே இழுத்துச் சாத்தினார். அது ஒரே சாத்தலில் மூடிக்கொண்டது. ஒன்றும் சொல்லவில்லை, மகனைப் பார்த்து, "போ" என்றார்.

பாயின் கதவைப் பதின்மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தோம். அதன் உட்புறத்தில் காகித அச்சையும் மடித்துச் செருகி வைத்திருந்தார் மேஸ்திரி. பாய் அதைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்துச் செருகி, கதவை மச்சுக்கு அனுப்பினார். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருக்கும் நேயர்கள் யாரேனும் இருந்தால், புதுப்பேட்டையில் எட்டாவது கடை வரையில் பொறுமையோடு கேட்டுப் பார்க்கலாம்.