முதுகில் ஒரு குழி

என் தங்கை மகளுக்கு ஐந்தாவது மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. திருவையாற்றில் ஆராதனை நடந்துகொண்டிருந்த வாரம். உச்சிக்குழி புடைத்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து ஆற்றுப் பாலங்களையும் தாண்டித் தஞ்சாவூருக்கு ஓடினோம். மூன்று வாரம் ஊசி மருந்து. பிழைத்துக்கொண்டாள்.

எட்டாவது மாதத்தில் மறுபடியும் வந்தது.

"தலைக்கு ஊத்தாதேன்னு சொன்னேன், கேட்டியா?" என்றார் மாமியார். "கிரகணத்தப்ப வெளியே வந்தியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தங்கை "ஆமாங்க" என்றாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டாம் முறை வார்டில் இருந்த ஒரு இளம் பெண் மருத்துவர்தான் கேட்டார்: "குழந்தையைக் குளிப்பாட்டறது யாரு?"

குளிப்பாட்டுவதற்கென்று வீட்டுக்கு ஒரு அம்மா வருவார். நீட்டிய காலில் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பவர். போன் செய்தோம். "புட்டத்துக்கு மேல தண்டுல பொட்டாட்டம் ஒரு குழி, ரெண்டு முடி மொளச்சிருக்கு. ஒருநா கசிஞ்சுது. மொத மாசமே சொன்னேனே!" சொல்லத்தான் சொன்னார். சாமி வைத்த பொட்டு என்றார் மாமியார். தங்கை வாயை மூடிக்கொண்டாள். முனைவர் பட்டம் வாங்கிய நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் அதே முதுகை வளைத்துப் பிடித்துத்தான் இரண்டு தடவை தண்டுநீர் எடுத்தார்கள். ஊசி இறங்கிய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது குழி.

டெர்மல் சைனஸ் என்கிறார்கள். கருவில் தோலும் நரம்புக்குழாயும் முழுதாகப் பிரியாத இடத்தில் நூல்போல ஒரு பாதை தங்கிவிடுகிறது. தோலிலும் மலத்திலும் இருக்கிற கிருமிகள் அதன் வழியே தண்டுவடம் வரை போகின்றன. மருந்து கிருமியைக் கொல்லும், பாதையை அடைக்காது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அறுவை செய்து அகற்ற வேண்டும். புட்டப் பிளவுக்குள்ளேயே இருக்கும் சிறு குழிகள் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அதற்கு மேலே இருந்தாலோ, முடியோ சிவப்புத் தழும்போ கசிவோ இருந்தாலோ காட்டியாக வேண்டும். குச்சி விட்டுப் பார்க்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தால் முதுகை மட்டுமல்ல, உட்காதையும் மண்டையோட்டின் அடிப்பகுதியையும்கூடச் சோதிக்க வேண்டுமாம்.

நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று நாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களிலேயே இது நடந்து முடிந்துவிடுகிறது. கிரகணத்துக்கும் தலைக்குளியலுக்கும் இதில் வேலையே இல்லை. ஆனால் மருத்துவர் "பிறவிக் குறைபாடு" என்றதும் மாமியார் 'குறை'யை மட்டும் பிடித்துக்கொண்டார். இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சொல் எவ்வளவு வேகமாக ஒரு பெண்ணின் வயிற்றைப் போய்ச் சேரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அறுவை முடிந்து ஊர் திரும்பியதும் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். வேறொரு வீட்டுக் கொல்லையில் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, காலில் கிடந்த குழந்தையின் தண்டைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார்.