ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுதினேன்

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான செயலி ஒன்றில் ஓர் ஏரிக்கரைப் பாதையை வரைபடத்தோடு போட்டேன். குறிப்பில் மூன்று தகவல்கள்: செம்மண் தடம், நிழல் குறைவு, ஆள் நடமாட்டம் இல்லை. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். தெரிந்தே எழுதிய பொய்.

நான் ஓட்டுவது கிராவல் சைக்கிள். அதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரேஸ் சைக்கிள்போலவே வளைந்த கைப்பிடிதான், டயர் மட்டும் தடிமன். அதில் 25, 28 மில்லிமீட்டர் என்றால் இதில் 40, 45. காற்றும் குறைவாகவே அடைப்போம், கல்லிலும் மண்ணிலும் துள்ளாமல் ஓடும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006இல் 200 மைல் மண்சாலைப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2022இல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்தது. அந்த மோகம் என்னையும் பிடித்தது. ஈ.சி.ஆரில் கோவளம், மாமல்லபுரம் என்று தார்ச்சாலையில் போய்வந்துகொண்டிருந்தவன், ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கும் பணத்தைக் கொட்டி இதை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் மண்ணைத் தேட ஆரம்பித்தேன்.

சென்னையைச் சுற்றி மண்பாதைக்குப் பஞ்சமே இல்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவே ஏரிகளின் ஜில்லா. ஏரி இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் அதன்மேல் ஒரு தடம் இருக்கும். தாம்பரத்திலிருந்து மேற்கே முடிச்சூர் வழியாகப் போனால் மணிமங்கலம், சோமங்கலம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் மாம்பாக்கம் தாண்டி உள்ளே நுழைந்தால் தையூர்ப் பக்கம். திருப்போரூருக்கு அப்பால் சிறுதாவூர், மானாமதி. பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் விட்டுவிட்டு ஓட்டலாம், ஆனால் மணலில் சக்கரம் புதையும். என்னைக் கேட்டால் ஏரிக்கரைக்கு ஈடு எதுவும் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல், நடுவில் நீங்கள். படம் எடுத்தால் வெளிநாடு மாதிரி தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகவே படத்தில் மாடு, மனிதர், துணி காயும் கயிறு எதுவும் வராமல் எடுப்பேன்.

இனி கரையைப் பற்றி. சாலை போடுவதுபோல் ஜல்லி கொட்டி, தார் ஊற்றிக் கட்டியதல்ல அது. களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு அடித்துக் கெட்டிப்படுத்திய மேடு. பல இடங்களில் மேலே கிராவல் மண் பரப்பியிருப்பார்கள். பங்குனி வெயிலில் கல் மாதிரி இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் மேல்மண் நாலு விரல்கடைக்கு இளகிவிடும். அந்த நேரத்தில் சக்கரம் ஏறினால் கோடு விழும். அடுத்த மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் பரவலாக வழியாமல் அந்தக் கோட்டில் சேர்ந்து ஓடும், சரிவு கிடைத்த இடத்தில் கரையை அறுத்துக்கொண்டு இறங்கும். உடைப்புக்கு இப்படியும் வழி பிறக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, மேலே இருந்த சின்ன ஏரிகள் நிரம்பி வழிந்ததையும் சில உடைந்ததையும் பற்றித் தாம்பரத்தில் பேசாத டீக்கடை இல்லை. நானும் பேசினேன். எங்கள் தெருவிலும் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் கார்த்திகை மாதத்தில், முந்தின நாள் இரவு முழுக்க மழை பெய்திருக்க, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு முதலில் சொன்ன அந்த ஏரிக்கரையில் ஏறினேன். மதகுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஏரித் தண்ணீரைப் பார்த்துத் திறந்துவிடுகிறவர்.

"தம்பி, கரை மேல போவாதீங்க. ஈரமா இருக்குது. மண்ணு இறுகட்டும், அப்பறமா வாங்க."

"இந்த ஒரு தடவைதாங்க ஐயா, இதோ போயிடுறோம்" என்றேன். போய்விட்டோம். திரும்பிப் பார்த்தபோது வரிசையாக உழுதுவிட்டதுபோல் கோடுகள். அவர் மண்வெட்டியின் பின்புறத்தால் ஒன்றைத் தட்டி மூடிக்கொண்டிருந்தார்.

இதோடு விட்டிருந்தால் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். அவர் வருவதற்குள் மதகைத் தாண்டிவிட வேண்டும் என்று கிளம்பும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினேன். நண்பர்களிடம் சொன்ன காரணம், சூரியன் உதிப்பதைக் கரையிலிருந்து பார்க்கலாம் என்பது. எல்லோரும் நம்பினார்கள். அந்தப் படங்களுக்குக் கிடைத்த பாராட்டில் மிதந்துகொண்டுதான் பாதையைப் பொதுவில் போட்டேன். "ஆள் நடமாட்டம் இல்லை" என்றும் எழுதினேன்.

அங்கே யாரெல்லாம் இருந்தார்கள் என்று சொல்கிறேன். அந்தப் பெரியவர் இருந்தார். கலங்கலில் வலை போடுகிறவர்கள் இருந்தார்கள். ஆடு ஓட்டிவரும் பையன் இருந்தான். பொழுது விடிந்ததும் புல் அறுத்துக்கொண்டு திரும்பும் பெண்கள் இருந்தார்கள். தலையில் புல்கட்டு கண்வரை தொங்கும், எதிரே என்ன வருகிறதென்று பார்க்கவே முடியாது. என் சைக்கிளில் மணி கிடையாது. எடை கூடும், அழகு கெடும் என்று கடையிலேயே கழற்றச் சொல்லிவிட்டேன். அதனால் "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டே வருவேன். அவர்களில் ஒரு அம்மா சத்தம் கேட்டுச் சரிவில் ஒரு காலை இறக்கி, ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் கடைசி ஆள்வரை போய் முடியும்வரை அப்படியே நின்றார். நன்றிகூடச் சொல்லவில்லை. வேகம் குறைந்தால் செயலியில் நேரம் கெட்டுவிடும்.

மதுராந்தகம் ஏரியை ராமர் காத்த கதையை நான் நன்றாகச் சொல்வேன். ஆண்டுதோறும் உடைகிற கரை, 1790களில் ஆட்சியராக இருந்த பிளேஸ் துரை, கொட்டும் மழை இரவு, கரைமேல் வில்லோடு காவல் நிற்கும் இரண்டு பேர். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடுவழியில் இளநீர் குடிக்கும்போது இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. சொல்லி முடித்து, இளநீர்க்காரரிடம் காசு கொடுத்துவிட்டு, இன்னோர் ஏரியின் ஈரக்கரையை உழப் போவேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்மங்கலம் காப்புக்காட்டில், பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகக்கூடாது என்பது தெரியும். வேலி விட்டிருந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கிப் போட்டு உள்ளே போனேன். சாக்கு எதுவும் இல்லை.

என் குறிப்பைப் பார்த்துப் புதியவர்கள் வர ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் கரையின் குறுக்கே யாரோ வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முன்சக்கரம் ஏறியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். டயருக்குள் ஊற்றியிருந்த ஓட்டை அடைக்கும் திரவம் பால் மாதிரி பொங்கி, முள்ளைச் சுற்றி நுரைத்துச் சொட்டியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே பஞ்சர் ஆக்குகிறார்கள், கவனம் என்று அங்கேயே நின்று குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தாண்டுவதற்காக முள்ளைக் கம்பால் ஒதுக்கினேன். அடியில் சிமென்ட் சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கியிருந்தது. சாக்குகளுக்கு நடுவே கரையின் விளிம்பு முழ ஆழத்துக்கு அறுந்து, சரிவில் இறங்கியிருந்தது. எங்கள் தடம் அந்த வெட்டின் வாயில் வந்து முடிந்தது.

அனுப்பிய செய்தியை நான் திருத்தவில்லை. வெகுநாள் கழித்தும் அதைச் சொல்லி ஊர்க்காரர்களைத் திட்டியவர்கள் இருந்தார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்த வெட்டு எங்கள் டயரால் மட்டுமே வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் அந்தக் கரையில் போகத்தான் செய்கின்றன. இந்த வாதத்தை மனசுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். டிராக்டர் போவது அறுப்புக்கு. கரை உடைந்தால் மூழ்கப்போவது அந்த டிராக்டர்காரரின் வயல். நான் போனது படத்துக்கு. உடைந்தால் நான் வேறு ஏரியைத் தேடிக்கொள்வேன். அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்றுவரை போகவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொள்கிறேன், பயமும் உண்டு.

பாதைக் குறிப்பை நீக்கிவிட்டேன். ஆனால் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் கைப்பேசியில் அது இன்னும் இருக்கும். புதிதாக யாரும் தேடிப் போகக்கூடாது என்பதால் ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை, பாதையை வைத்திருப்பவர்களுக்குப் படித்ததுமே தெரிந்திருக்கும். உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஐப்பசியிலிருந்து தை வரை எந்த ஏரிக்கரையிலும் ஏறாதீர்கள். மாசி, பங்குனியில் போங்கள், மண் இறுகியிருக்கும், வெயிலும் தாங்கும். சைக்கிளுக்கு மணி மாட்டுங்கள், தலைச்சுமையோடு யாராவது வந்தால் நீங்கள் இறங்கி நில்லுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் திரும்பிவிடுங்கள். என் பெயரில் இருக்கும் அந்த வரைபடத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.