நேயா ஃபிலடெல்ஃபியா: ஊரைப் பெயரில் வைத்துக்கொண்டவர்கள்

ஏதென்ஸுக்குப் போனால் எல்லாரும் அக்ரோபொலிஸ் ஏறுவார்கள். நாங்களும் ஏறினோம். ஆனால் எங்கட ஒன்பது வயது மகனுக்கு உதைபந்தாட்ட மைதானம்தான் பார்க்கவேணும். அடுத்தநாள் மெட்ரோவில் பெரிசோஸ் நிலையத்தில் இறங்கி, நேயா ஃபிலடெல்ஃபியாவுக்கு நடந்தோம்.

அடுக்குமாடி வீடுகள், கஃபேக்கள், ஒரு பெரிய மரச்சோலை. அதற்குப் பக்கத்திலேயே ஏஇகே கழகத்தின் மைதானம். 2022 செப்டம்பரில் திறந்தது. சுமார் 32,000 பேர் இருக்கலாம். பழைய மைதானத்தை 2003இல் இடித்தபிறகு, அணி 19 வருசம் சொந்த வீடில்லாமல் வேறு மைதானங்களில் விளையாடியது.

பெயர் 'அகியா சோஃபியா'. இஸ்தான்புல்லில் இருக்கும் அதே பழைய தேவாலயத்தின் பெயர்.

"ஏன் அப்பா இன்னொரு நாட்டுக் கட்டடத்தின்ர பெயர்?" என்றான்.

1922இல் துருக்கியோடான போரில் கிரேக்கம் தோற்றது. அடுத்த வருசம் லொசானில் இரண்டு நாடுகளும் மக்களையே பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் அகதிகளாகக் கிரேக்கத்துக்கு வந்தார்கள். லட்சக்கணக்கான முஸ்லிம்கள் மற்றப் பக்கம் போனார்கள். கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்த கிரேக்கர்கள் 1924இல் தொடங்கியதுதான் ஏஇகே. அதில் கடைசி எழுத்து அந்த நகரத்தைத்தான் குறிக்கிறது. மஞ்சள் கறுப்புச் சின்னத்தில் இருப்பது பைசாந்தியத்தின் இருதலைக் கழுகு.

'நேயா' என்றால் புதிய. விட்டுவந்த ஃபிலடெல்ஃபியா இன்று துருக்கியில் அலாஷெஹிர். பக்கத்தில் நேயா இயோனியா, நகரத்தின் தெற்கில் நேயா ஸ்மிர்னி. எல்லாம் இழந்த ஊர்களின் பெயர்கள்.

கேட்டுக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அப்ப அப்பப்பாவின்ர ஊருக்கும் ஒரு 'புது' இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. 'யாழ்ப்பாணம்' என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஊரின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்கு என்ன விளங்கப்போகுது என்று நானே முடிவெடுத்துவிட்டேன்.

அன்றிரவு ஹோட்டலிலிருந்து அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். "அப்பப்பா, உங்கட ஊர்ல கிரவுண்ட் இருந்ததா?"

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்ததாம். பந்து பனங்காணிக்குள் விழுந்தால் எடுக்கப் போறவனுக்குக் காலெல்லாம் கருக்கு வெட்டுமாம். அப்பா நாற்பது நிமிசம் கதைத்தார். அதில் பாதி எனக்கும் புதுசு.

ஏதென்ஸ் போனால் போட்டி இல்லாத நாளென்றாலும் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் ஒருக்கா நடந்து பாருங்கோ. அவர்கள் கேள்வி கேட்பார்கள். பதிலை ஆயத்தமாக வைத்திருங்கோ.