சிக்கும் சீப்பும்

கூந்தலைப் பாடாத புலவர் தமிழில் அரியர். ஐந்து வகையாக முடிக்கப்பட்டமையால் அதனை 'ஐம்பால்' என்றனர் முன்னோர். பெண்டிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டோ என்ற வினா, மதுரைச் சங்கத்தில் இறைவனையும் நக்கீரரையும் எதிரெதிரே நிறுத்தியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். விரிவுரை மண்டபத்தில் இக்கதையைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், என் நினைவு ஹாலிஎலவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்து லயமொன்றின் வாசற்படிக்குச் சென்றது. அங்கே என் தாயின் கூந்தலில் மணந்தவை தேங்காயெண்ணெயும் அடுப்புப் புகையும் பச்சைக் கொழுந்துமேயாம்.

ஊவாவை அறிந்தோர் அங்கு யூலை முதல் செப்தெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றையும் அறிவர். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தந்த தனி மணம் அக்காற்றின் கொடையாகும். கொழுந்துக்கு மணமூட்டும் அதே காற்று, கொழுந்து பறிப்போரின் கூந்தலை வைக்கோலாக்கி விடுகிறது.

எமது வீட்டில் இரண்டே சீப்புகள் இருந்தன. ஒன்று பேன்சீப்பு, மற்றையது பல் உடைந்த பிளாஸ்ரிக் சீப்பு. விடியலில் பிரட்டுக்குப் புறப்படுமுன், அம்மா உச்சியிலே சீப்பை ஊன்றி நுனிவரை ஒரே இழுவையாக இழுப்பார். இழைகள் அறும் ஓசை இருளிலும் எனக்குக் கேட்கும்.

தலைவாருவதற்கும் ஒரு முறை உண்டென்பதைப் பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பின்னரே அறிந்தேன். மயிரிழையின் புறத்தே மீன்செதில் போன்ற மெல்லிய தகடுகள், வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. வறண்ட முடியில் இவை கிளர்ந்து நிற்பதனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சிக்காகின்றன. முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சதமமீற்றர் வளர்கிறது. எனவே 60 சதமமீற்றர் நீண்ட கூந்தலின் நுனி ஐந்தாண்டு வயதுடையது. ஐந்து கச்சானைக் கண்டது. நலிந்த அந்நுனியிலிருந்தே வாரத் தொடங்குதல் வேண்டும். ஒரு கையால் கூந்தலின் நடுப்பகுதியைப் பற்றிக்கொண்டு, நுனிச்சிக்கை முதலில் அவிழ்த்துப் படிப்படியாக மேலேற வேண்டும். பற்றிய கை இழுவையைத் தாங்கிக்கொள்வதால் வேர் நோகாது.

கருவியைத் தெரிவதிலும் கருத்து வேண்டும். சிக்கெடுக்க அகன்ற பல் சீப்போ, இறப்பர் மெத்தையில் வளைந்துகொடுக்கும் ஊசிகள் கொண்ட பிரஷ்ஷோ ஏற்றது. ஊசிமுனையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தால் உறுத்துதல் ஆகாது. பன்றிமயிர்ப் பிரஷ் சிக்கெடுப்பதற்கன்று; சிக்கு நீங்கிய பின்னர், தலையின் எண்ணெய்ப் பசையை நுனிவரை கொண்டுசெல்வதற்காம். சுருள்முடியினர் உலர்ந்த நிலையில் பிரஷ் கொண்டு வாராதிருத்தல் நன்று. தேங்காயெண்ணெய் இழையினுட் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறதென இந்திய ஆய்வாளர் 2003இல் எழுதியுள்ளனர். அம்மாவின் எண்ணெய்ப் போத்தலைப் பழசென்று எள்ளிய எனக்கு அது நல்ல பாடமாயிற்று.

விடுமுறைக்கு வீடு செல்கையில் பதுளைக் கடைத்தெருவில் மெத்தை வைத்த பிரஷ் ஒன்றை வாங்கினேன். ஞாயிறு காலை அம்மாவை வாசற்படியில் அமர்த்தி, கற்ற வித்தையைக் காட்டத் தொடங்கினேன். நுனிச்சிக்கு அவிழ்ந்தது, நடுச்சிக்கும் அவிழ்ந்தது. உச்சியை அடைந்த கை நின்றுவிட்டது. எந்நாளும் முக்காட்டுத் துணி மறைத்திருந்த அவ்விடத்தில், இருவிரல் அகலத்திற்கு மயிரற்ற தோல் பளபளத்தது. கொழுந்துக் கூடையின் கயிறு அமரும் இடம் அது.

"ஏன் நிப்பாட்டிட்ட தாயி?" என்றார் அம்மா.

"ஒன்னுமில்லம்மா" என்றேன்.

நாள்தோறும் இழுபடும் வேர் காலப்போக்கில் வடுவாகி, மீண்டும் முளைக்கும் ஆற்றலை இழக்குமென மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வேரை இழுக்கலாகாது என்ற விதியைப் பெரும் புலமையாக எண்ணிச் சுமந்து வந்தேன். நிறைகூடையின் பாரத்தை இருபத்தேழு ஆண்டுகளாகத் தலையால் இழுத்தவருக்கு அவ்விதியை எந்த முகத்தோடு சொல்வேன்? எந்தச் சீப்பையும் நான் அவருக்கு வாங்கிக் கொடுக்கலாம். அந்தக் கயிற்றை மாற்ற என்னால் இயலவில்லை. பாரத்தைத் தோளுக்கு மாற்றும் அகன்ற வாரொன்றைத் தைப்பது அரிய விஞ்ஞானமன்று. அதனைத் தைக்க வேண்டுமென்ற எண்ணமே நம்மிடம் அரிதாயிருக்கிறது. மகளாகிய எனக்கே இருபத்திரண்டாவது வயதில்தான் அவ்விடம் கண்ணிற் பட்டது.

மறுநாள் விடியலில் அம்மா நான் காட்டியபடி நுனியிலிருந்து வாரினார். பின்னர், பழைய சேலைத்துண்டொன்றை நான்காய் மடித்து அவரது உச்சியில் வைத்தேன். அதன்மேல் கயிற்றை ஏற்றிக்கொண்டு, பனிக்குள்ளே மலைக்கு ஏறினார்.